அந்த ராத்திரி சாகாத மான்

புளி மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, எஸ்தரம்மா தவறிட்டாங்க. நெஞ்சுவலியாம்" என்றான் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கும் பாபு. ஊரையே கிண்டல் செய்கிறவன் நான், எனக்கே திருப்பிக் கொடுக்கிறான் என்று நினைத்து, "காலங்காத்தால இன்னாடா விளையாட்டு?" என்று சிரித்தேன். அவன் அழுதான்.

எங்கள் புதூர்நாட்டு மலையில் ஆடு மாடுகளுக்கெல்லாம் எஸ்தரம்மாதான் டாக்டர். காட்டு மிருகம் ஏதாவது செத்துக் கிடந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஜீப்பில் அவரைக் கூட்டிப் போவது நான். கொஞ்ச நாள் முன்பு என் தம்பி வெள்ளையனின் சாமைக் கொல்லையில், கண்ணியில் மாட்டி ஒரு புள்ளிமான் செத்துக் கிடந்தது. கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்த தம்பி, முந்தின நாள் சாயங்காலம்தான் என் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தான். வந்த ராத்திரியே கண்ணி வைத்துக் கொன்றான் என்று வனத்துறையினர் பிடித்துப் போய்விட்டார்கள்.

எஸ்தரம்மா மண்டி போட்டு, மானின் கண்ணிலிருந்தும் காயத்திலிருந்தும் புழுக்களை எடுத்து அளந்தார். நாற்றம் தாங்காமல் நான், "இன்னாம்மா, புழுவுக்கு ஆதார் கார்டு எடுக்கறீங்களா?" என்றேன்.

"வயசு கேக்கறேன்யா. மூக்கப் பொத்திக்கினு அப்படிப் போய் நில்லு."

அந்த இடத்தில் வெயில் விழுமா, மானை யாராவது நகர்த்தினீர்களா என்று நின்றவர்களை எல்லாம் விசாரித்தார். ஈ முட்டையிட்டு, புழு இவ்வளவு பெரிதாக ஒரு ராத்திரி போதாது என்றார். "செத்த நேரத்தைக் கரெக்டா சொல்லிடுங்கம்மா, தம்பிய வுட்டுடுவாங்க" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நேரமெல்லாம் எனக்குத் தெரியாது. இந்த மலைக் குளிர்ல புழு மெதுவாத்தான் வளரும். ஆனா நேத்து ராத்திரி சாவல. அத எந்தக் கோர்ட்டுக்கும் வந்து சொல்றேன், போ."

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கை இருக்கிறது என்கிறார் வக்கீல். குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லையே என்று அவரே தலையைச் சொறிகிறார். தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான். கல்லறையில் மண் போடும்போதுகூட, "எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுங்கம்மா" என்றுதான் அழுதேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது "நேத்து ராத்திரி சாவல" என்ற அந்தப் பேச்சு ஒன்றுதான். நான் சொன்னால், அண்ணன்காரன் வேறென்ன சொல்வான் என்பார்கள். அன்றைக்குக் கொல்லையில் நின்று அதைக் காதால் கேட்டவர்களே, அவருக்கு மாலை போட வந்த மாதிரி கோர்ட்டுக்கும் வந்து சொல்லுங்கள்.