நொஸ்ரத்தின் நாற்பது செடிகள்

நொஸ்ரத்துக்குக் கோபம் வந்துவிட்டது என்று ஈரானின் கம்சர் ஊரில் யாரிடமாவது சொன்னால், எப்போது போனது வருவதற்கு என்று கேட்பார்கள். கருகின ரொட்டியை ரொட்டிக்காரனின் மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டு வருகிறவள் அவள். தன் கல்யாணத்தன்று படம் எடுக்க வந்தவன் மணப்பெண்ணின் தலையில் வைக்கலாமே என்று ஆசையாக ஒரு ரோஜாவைப் பறித்து நீட்டியபோது, "சாயங்காலத்துல யாராவது பூப் பறிப்பாங்களா? வாசனையெல்லாம் வெயிலுக்குக் கொடுத்துட்டு நிக்குது, அதைப் போய்!" என்று சபையிலேயே சீறியவள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. ஆனாலும் இந்த வசந்தத்தில் அவளுக்கு இருந்த கோபம் வேறு ஜாதி. சோறு இறங்கவில்லை. தோட்டத்துக் கதவைத் திறந்த வேகத்திலேயே அறைந்து சாத்தினாள்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டி அவளுக்கு நாற்பது பன்னீர் ரோஜாச் செடிகள். நான்கு வரிசை, வரிசைக்குப் பத்து. அவள் கணவன் யதுல்லா தன் தாயின் தோட்டத்திலிருந்து பக்கக் கன்றுகளைத் தோண்டிக்கொண்டு வந்து நட்டவை. யதுல்லா போய் ஆறு வருஷம் ஆகிறது. செடிகள் அவன் இருந்தபோது பூத்ததைவிட அதிகமாகத்தான் பூத்தன. வசந்தத்தின் இரண்டாம் மாதத்தில், மலைக்கு மேலே வெயில் தலைகாட்டும் முன்பே கழுத்தில் துணியைத் தூளி மாதிரி கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள். முள் கிழித்த கையோடு பறித்ததைத் தாமிர அண்டாவில் போட்டு, மூடியைச் சுற்றி மாவு பூசி, ஆவி போகும் குழாயின் மறுமுனையைக் குளிர்ந்த தண்ணீரில் இருக்கும் குடத்தில் செருகி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் முதல் தேநீர். அண்டாவுக்குப் போகாத இதழ் சர்க்கரைப் பாகில் போய்ச் சேரும். மிச்சம் நிழலில் உலர்ந்து, கோடையில் வெள்ளரிக்காய் போட்ட மோரின் மேல் மிதக்கும்.

அவள் பன்னீரைக் கடைக்குக் கொடுத்ததில்லை. தெருவில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு நேர்ச்சைப் பாயசம் என்றால் அவள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். பச்சைப் புட்டி, மூடியில் சிவப்பு நூல் சுற்றிய முடிச்சு. அதைப் பார்த்தால் யாரும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தப் பேரைச் சம்பாதிக்க அவளுக்கு முப்பது வருஷம் ஆகியிருந்தது. அதைக் கெடுக்க அவள் கொழுந்தன் ஹெய்தருக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

குளிர்காலத்தில் மகளின் பிரசவத்துக்காக ஷிராஸ் போனபோது, தோட்டத்துச் சாவியை ஹெய்தரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனாள். வாய்க்கால் முறை வந்தால் தண்ணீர் திருப்பிவிடு, வேறொன்றும் வேண்டாம் என்றாள். நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், தோட்டத்தில் செடியே இல்லை. நாற்பதையும் தரையோடு வெட்டி, முள்ளைக் கட்டுக் கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தான்.

வயதான செடியைத் தரையோடு வெட்டுவது ஊரில் எல்லோரும் செய்வதுதான். வெட்டினால்தான் புதுக்கிளை வரும். ஆனால் முந்தின வருஷக் கிளையில்தான் பூ வரும் என்பதால், வெட்டின செடி அந்த வசந்தத்தில் மொட்டுக்கூட விடாது. அதனால் வருஷத்துக்கு ஒரு வரிசை என்று முறைவைத்துத்தான் வெட்டுவார்கள். கம்சரில் பிறந்த எவனும் மொத்தத் தோட்டத்தையும் ஒரே நாளில் வெட்டமாட்டான். ஹெய்தர் கம்சரில் பிறந்தவன்தான்.

"வெட்டி ஏழு வருஷமாச்சு அண்ணி, காடா மண்டிக் கிடந்துச்சு. நீங்க ஒத்தையா எப்படி வெட்டுவீங்கன்னு நானே கை வலிக்க வெட்டிப் போட்டேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டீங்களா?" என்றான்.

ஊரில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. பாவம், உதவி செய்யப் போய் அவசரப்பட்டுவிட்டான் என்றார்கள். நொஸ்ரத்தும் பல்லைக் கடித்துக்கொண்டு நம்பப் பார்த்தாள். வசந்தத்தோடு பிறக்கும் புத்தாண்டுக்கு வழக்கம்போல வந்தவனுக்கு, கைவசம் மிஞ்சியிருந்த கடைசி இரண்டு பச்சைப் புட்டிகளைக்கூட எடுத்துக் கொடுத்தாள். கணவனின் தம்பியாயிற்றே. அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் அவன் விஷயத்துக்கு வந்தான்.

"வெளியூர்லேர்ந்து பஸ்ஸுல வர்றவங்க பன்னீர் காய்ச்சறதைப் பார்க்கறதுக்காக என் வீட்டு முற்றத்துல அண்டா வச்சிருக்கேன். இந்த வருஷம் உங்களுக்கும் பூ இல்ல, வேலையும் இல்ல. சும்மா வந்து அண்டா பக்கத்துல உக்காந்து நாலு பூவைக் கிள்ளுங்க. புட்டியில உங்க பேரைப் போட்டுக்கறேன்."

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. பூ இல்லாமல் போனது அவசரத்தில் நடந்ததல்ல, கணக்குப் போட்டு நடந்தது.

"பேரையும் வெட்டிக் கட்டுக் கட்டிச் சுவரோரம் சாத்திட்டுப் போகலாம்னு வந்தியா? எந்திரிடா!" என்று விரட்டினாள்.

அவன் போனான். பேரை விட்டுவிட்டுப் போகவில்லை.

அது தெரிந்தது ஒரு மாதம் கழித்து, எதிர்வீட்டு பெஹ்ஜத் ஒரு கிண்ணத்தோடு கதவை உதைக்காத குறையாக வந்தபோது. அறுவைச் சிகிச்சைக்குப் போன மகன் பிழைத்து வந்தால் தெரு முழுக்கக் குங்குமப்பூப் பாயசம் கொடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். மகன் பிழைத்து வந்துவிட்டான்.

"அடியே நொஸ்ரத், ஒரு அண்டாப் பாயசத்தையும் வாய்க்கால்ல கொட்ட வச்சிட்டியேடி! வாயில வை, வச்சுப் பாரு. துணி சோப்பு மாதிரி மணக்குது. என் புள்ளைக்காக வேண்டிக்கிட்டதுடி இது!"

"நான் எங்கடி இந்த வருஷம் காய்ச்சினேன்? என் தோட்டத்தைத்தான் கண்ணால பார்க்கறியே!"

"உன் கொழுந்தன்தான் போன வருஷத்துச் சரக்கு, அண்ணி கொடுத்ததுன்னான். பேரும் போட்டிருக்கே!" பெஹ்ஜத் மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள். தங்க எழுத்தில் 'நொஸ்ரத் வீட்டுப் பன்னீர்' என்று இருந்தது. மூடியில் சிவப்பு நூல்கூட அச்சடித்திருந்தான்.

நொஸ்ரத் மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். வெறும் தண்ணீர், அதில் கடையில் விற்கிற வாசனைச் சாறு. கூடப் பிறந்த அக்காள் மாதிரி இருந்த பெஹ்ஜத், ஒரு நாழிகையாவது தன்னைக் களவாணி என்று நினைத்துவிட்டாளே என்பதுதான் அவளைச் சுட்டது. செருப்பைக்கூட மாற்றாமல் ஹெய்தரின் முற்றத்துக்குப் போனாள்.

முற்றம் நிறையக் கூட்டம். ஆளுக்கொரு செல்போனை அண்டாவுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் சொட்டு விழக் காத்திருக்க யாருக்கும் பொழுது இல்லை. அலமாரியில் புட்டிகள் முன்கூட்டியே நிரம்பி நின்றன.

"வாங்க அண்ணி, வாங்க! இதோ, நான் சொன்னேனே, இவங்கதான் நொஸ்ரத்!" என்று ஹெய்தர் வாயெல்லாம் பல்லாகக் கூவினான். நாலைந்து செல்போன்கள் அவள் பக்கம் திரும்பின.

"யாரைக் கேட்டு என் பேரைப் போட்டே?"

"மெதுவா பேசுங்க, விருந்தாளிங்க இருக்காங்க. ஊர்க்காரங்களுக்கா விக்கறேன்? பஸ்ஸுல வர்றவனுக்கு என்ன தெரியப் போகுது?"

"பெஹ்ஜத் பஸ்ஸுலயா வந்தா?"

அலமாரி முழுவதையும் அவள் கவிழ்த்துவிடப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் ஒரே ஒரு புட்டியை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழன் பிற்பகலில் கம்சரில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில்தான். தங்கள் தங்கள் மனிதர்களின் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே பன்னீர் தெளித்து, வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழம் நீட்டுவார்கள். நொஸ்ரத் அன்றைக்கு வாய்க்கால் தண்ணீர்தான் கொண்டு போயிருந்தாள். யதுல்லாவின் கல்லை அதில் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஹெய்தர் வந்தான். அண்ணியைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. பார்த்த பிறகு திரும்பிப் போகவும் முடியாது, அண்ணனின் கல்லாயிற்றே. குனிந்து உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான்.

பச்சைப் புட்டி. மூடியில் நிஜமான சிவப்பு நூல்.

"ஏன், உன் சரக்கு தீர்ந்து போச்சா?" என்றாள் நொஸ்ரத்.

"அண்ணி, இங்க வேண்டாம்."

"இங்கதான் வேணும்." மடியிலிருந்து தங்க எழுத்துப் புட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "இந்தா. உன் அண்ணன் தலைமாட்டுல இதை ஊத்து. ஊத்திட்டியானா நாளைக்கே உன் முற்றத்துல வந்து உக்காந்துக்கறேன். எத்தனை புட்டி வேணும்னாலும் என் பேரைப் போட்டுக்கோ. சத்தியமா சொல்றேன்."

பக்கத்துக் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. பெஹ்ஜத் எழுந்து அருகே வந்தாள்.

ஹெய்தர் புட்டியைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். தொடவில்லை.

"என்னால முடியாது" என்றான்.

"சத்தமா சொல்லு. இவளுக்குக் கேக்கணும்."

"அண்ணனுக்கு இதை ஊத்த முடியாது அண்ணி."

"செத்தவனுக்கு ஆகாததையா பிழைச்சு வந்த புள்ளையோட பாயசத்துல ஊத்த வச்சே?" அவள் குரல் மதிற்சுவர்வரை போனது. "கிழி. எல்லார் முன்னாலயும் என் பேரைக் கிழி. அலமாரியில இருக்கறதையும் போய்க் கிழி."

அவன் நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் காகிதத்தை உரித்தான். உரித்து முடிக்கும்வரை ஒருவரும் நகரவில்லை.

பிறகு நொஸ்ரத் பச்சைப் புட்டியை அவன் கையிலிருந்து வாங்கினாள். வீட்டில் ஒரு சொட்டுக்கூட அவளிடம் இல்லை. பாதியைக் கல்லில் ஊற்றினாள். அந்த நாற்பது செடிகளின் வாசனை எழும்பியது. அதுவரை கோபத்தில் தாக்குப்பிடித்திருந்த கண் அப்போதுதான் நிறைந்தது. மூடியைத் திருகி, நூலைப் பழையபடி சுற்றி முடிச்சிட்டு, மீதியைப் பெஹ்ஜத்திடம் நீட்டினாள்.

"திரும்பக் காய்ச்சு. அரிசி நான் தரேன்."

ஹெய்தர் வெறுங்கையோடு நின்றான். அவனைத் தாண்டிப் போகையில் நொஸ்ரத் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அடுத்த வருஷம் பூக்கும். வியாழக்கிழமைக்குப் புட்டி கேட்டு வருவே, தருவேன். அவருக்கு. உனக்கில்ல."