மாப்பிள்ளையின் கைவேலை

ரிமான்டஸ் இருபத்தாறு வருடமாக டிங்கர் வேலை செய்கிறான். மரியாம்போலே ஊரில் பழைய கார் சந்தைக்குப் போகும் சாலையில் அவன் பட்டறை. எதிர்ப்பக்கம் என் பெயிண்ட் கடை. அவன் தகரத்தைத் தட்டும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறான் என்று என்னால் சொல்ல முடியும். அவன் தங்கை கணவன் ஜில்வினாஸ் அதே தொழிலுக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் ஒருநாளும் நிதானமாகக் கேட்டதில்லை.

ஜில்வினாஸ் அதுவரை கௌனாஸ் நகரத்தில் செல்போன் விற்றுக்கொண்டிருந்தவன். வெல்டிங் மிஷினைப் பிடிக்கக் கற்றதே ரிமான்டஸின் பட்டறையில்தான், அதுவும் மூன்றே மாதம். பிறகு ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை போட்டான். அமெரிக்காவில் மோதி நசுங்கி, இனி தேறாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளிவிட்ட கார்களை ஏலத்தில் எடுப்பான். கப்பலில் வந்து இறங்கும்போது அவை பார்க்கச் சகிக்காது. மூன்றே வாரத்தில் அதே வண்டிகள் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோலச் சந்தையில் நிற்கும்.

அப்படி ஒரு வண்டியைச் சரிசெய்ய ரிமான்டஸுக்கு மூன்று மாதம் ஆகும். வளைந்த அடிச்சட்டத்தை இழுப்பான், அளப்பான், திருப்தி வராமல் மறுபடி இழுப்பான். ஜில்வினாஸின் புது வீடும், அதன் பின்னால் கட்டிய நீராவிக் குளியலறையும்கூட அவனை அவ்வளவு உறுத்தவில்லை. அந்த வேகம்தான் அவனைத் தின்றது. தன்னைவிட அவன் நல்ல வேலைக்காரனோ என்ற சந்தேகம் மனதில் முள்ளாய்த் தைத்து நின்றது. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போவான். யாரும் பார்க்காதபோது கார்களின் கதவு இடுக்கில் நகத்தை ஓட்டிப் பார்ப்பான். இடைவெளி எல்லா இடத்திலும் சீராக இருக்கும். முகம் செத்துத் திரும்பி வருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி ரஸா, ஜில்வினாஸ் விற்கவிருந்த ஒரு காரின் முன்மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “மாப்பிள்ளை கையில என்னமோ இருக்குங்க. நீங்க ஒரு கதவை முடிக்கிறதுக்குள்ள அவர் ஒரு காரையே முடிச்சிடுறாரு.”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இரண்டு வருடம் முன்பு ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மில்டா தன் சாம்பல் நிறக் காரை அவனிடம் கொண்டுவந்தாள். பல் மருத்துவமனையில் நர்ஸ், கணவன் இல்லை, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள். மளிகைக் கடை வாசலில் யாரோ கார்க் கதவில் உரசிவிட்டுப் போயிருந்தார்கள். ஜில்வினாஸிடம் வாங்கிய வண்டி அது. “அவர்கிட்டயே போயிருக்கலாம், ஆனா உங்க பட்டறை எனக்குப் பக்கம்” என்று அவள் சொன்னதுகூட அவனுக்குச் சுருக்கென்றது.

கதவைத் தேய்க்க ஆரம்பித்தான். பெயிண்ட் போய், பள்ளத்தை நிரப்பும் பட்டி வந்தது. பட்டி வந்துகொண்டே இருந்தது, ஒரு விரல் கனத்துக்கு. கதவுக்குக் கீழே வண்டியையே தாங்கும் பகுதியை உரசினான். அங்கே வேறொரு காரிலிருந்து வெட்டிய துண்டை வைத்து, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் பொட்டு வைத்தாற்போல வெல்டிங் அடித்து, மேலே தார் பூசி மறைத்திருந்தார்கள். மில்டா அவனை அதையெல்லாம் பார்க்கச் சொல்லவே இல்லை. ஆனாலும் டாஷ்போர்டுப் பலகையைக் கழற்றினான். பக்கத்து இருக்கைக்கு எதிரே ஏர்பேக் இருக்க வேண்டிய பெட்டியில் பழைய துணி சுருட்டி வைத்திருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியாதிருக்க, ஒயர் முனையில் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு மின்தடையைச் செருகியிருந்தார்கள்.

அன்று மதியம் என் கடைக்கு வந்தவன் சீட்டியடித்துக்கொண்டிருந்தான். பல வருடமாக நான் கேட்காத சத்தம். காரணம் கேட்டேன், சொல்லவில்லை.

அன்றைக்கே மில்டாவிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை தங்கை ஸ்காய்ஸ்தேயின் நாற்பதாவது பிறந்தநாள் விருந்து. இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஏரிக்கரையில் கூடப்போகிறது. அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளையின் கைவேலையை எடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. முன்கூட்டியே விஷயம் வெளியே போனால் ஜில்வினாஸ் ஏதாவது பேசிச் சமாளித்துவிடுவான். மில்டா டவுனுக்குள்தானே ஓட்டுகிறாள், நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எல்லாவற்றையும் படம் எடுத்து அச்சடித்துக்கொண்டான். பலகையைப் பழையபடி மாட்டி, கதவுக்குப் பெயிண்ட் அடித்து, புதன்கிழமை சாயங்காலம் வண்டியை அவளிடமே கொடுத்தனுப்பினான்.

விருந்துக்கு நானும் போயிருந்தேன். குளிர்ந்த பீட்ரூட் சூப்பு முடிந்து, புகையில் வாட்டிய மீன் வந்துகொண்டிருந்த நேரம். ஜில்வினாஸ் தன் தொழிலைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ரிமான்டஸ் எழுந்து படங்களை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினான்.

“நீங்க மில்டாவுக்கு வித்த வண்டி. இதுதான் மாப்ள உங்க மூணு வார ரகசியம்” என்றான். குரலில் ஆத்திரம் இல்லை. பரிசு வாங்கப் போகிறவன் குரல்போல இருந்தது.

படங்கள் கைமாறின. ஸ்காய்ஸ்தே ஒன்றைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். ஜில்வினாஸின் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனால் செல்போன் விற்ற வாய் அது.

“இதை எப்ப பாத்தீங்க மச்சான்?”

“செவ்வாக்கிழமை.”

“இன்னைக்கு சனி. வண்டி இப்ப எங்க நிக்குது?”

ஜில்வினாஸ் அதைக் கேட்டது தப்பிக்கத்தான், மில்டாமேல் இருந்த அக்கறையால் இல்லை. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. மேசையில் இருந்தவர்கள் ஜில்வினாஸை விட்டுவிட்டு ரிமான்டஸைப் பார்த்தார்கள்.

ரஸாதான் பேசினாள். “அந்தப் பிள்ளைங்க அதுலதான் போய்ட்டு வருதுங்களா? நாலு நாளா?” கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். “கிளம்புங்க.”

மில்டாவின் வீடு பூட்டியிருந்தது. பள்ளி விடுமுறை விட்டாயிற்று, பெண்களைக் கூட்டிக்கொண்டு பலாங்கா கடற்கரைக்கு மதியம்தான் கிளம்பினாள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. முன்னூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் நெடுஞ்சாலை. அவளுக்குப் போன் போட்டான், அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதவள். பட்டறைக்கு ஓடி, பழுதான கார்களை ஏற்றும் லாரியை எடுத்தான். வழியெல்லாம் போன் போட்டான். எதிரே ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கோடு வந்தபோது ஓரம் கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன் என்று பிறகு என்னிடம் சொன்னான். பாதி வழியில்தான் அவள் எடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டார்களாம், பெண்கள் தண்ணீரில் நிற்கிறார்களாம்.

வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் விவரித்தான். எப்போது பார்த்தீர்கள் என்று அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம், இன்றுதான் தெரிந்தது என்று. சொல்லவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சாவியை நீட்டினாள். திரும்பும்போது தன்னோடு வரலாம், லாரியில் அவர்கள் மூன்று பேருக்கும் இடம் இருக்கிறது என்றான்.

“நாங்க பஸ்ல வந்துக்கிறோம்” என்றாள் மில்டா. “உங்க ரெண்டு பேர்ல யாரை நம்புறதுன்னு எனக்குத் தெரியல.”

பிறகு அவள் போலீஸில் புகார் கொடுத்தாள். ஜில்வினாஸ் விற்ற வண்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் இன்னும் நாலு அதேபோல இருந்தன. அவன் சிறைக்குப் போகவில்லை, ஆனால் பணத்தைக் கொடுத்துக் கார்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கொட்டகையையும் வீட்டையும் விற்று, எல்லை தாண்டிப் போலந்துக்குப் போய்விட்டான். ஸ்காய்ஸ்தே அண்ணனிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாள். நீதிமன்றத்தில் ரிமான்டஸ் சாட்சி. எந்தத் தேதியில் கண்டுபிடித்தீர்கள் என்று நீதிபதி கேட்டதற்கு உள்ளதைச் சொன்னான். உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தத் தேதியும் வந்தது. பழைய கார் வாங்குமுன் அவனிடம் காட்டிவிட்டு வாங்குகிறவர்கள் கூடினார்கள். மில்டாவின் தெருக்காரர்கள் மட்டும் அவன் பட்டறைப் பக்கம் வருவதே இல்லை.

“பெட்டியில துணியைப் பாத்தப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டான். “அவன் என்னைவிட நல்ல வேலைக்காரன் இல்லன்னு ஆயிடுச்சு. அதுதான் எனக்குப் பெருசா இருந்துச்சு. அந்த சீட்ல ஒரு பிள்ளை உக்காரும்னு தோணவே இல்ல.”

போன வாரம் பிரைமர் வாங்க வந்தான். ஜில்வினாஸ் போலந்தில் படகு விற்கிறானாம், நன்றாக ஓடுகிறதாம். ஸ்காய்ஸ்தே தண்ணீரோரம் ஒரு வீட்டின் முன் நிற்கும் படத்தை ரஸாவுக்கு அனுப்பியிருந்தாள். அதைத் தன் போனில் வைத்திருந்தான். என்னிடம் காட்டிவிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

“மாடியும் இருக்கு போல” என்றான். பிரைமர் டப்பாவை மேசைமேலேயே விட்டுவிட்டு வெளியே போனான். நான்தான் எடுத்துக்கொண்டு போய் அவன் பட்டறையில் வைத்துவிட்டு வந்தேன்.