அவள் தூங்கவே இல்லை

கண்ணாடிக் கடையில் அவளுக்குச் செவ்வாய் என்று பெயர். வேற்றுக் கிரகங்களைப் பற்றி வார இதழில் கதை எழுதுகிறாள் என்று தெரிந்த அன்றே முதலாளி சூட்டிய பட்டம் அது. "நம்ம செவ்வாய்க்கு ஞாயித்துக்கிழமை லீவு" என்று சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார். அவள் சிரித்ததுமில்லை, கோபித்ததுமில்லை. பின்னறையில் லென்ஸின் ஓரத்தை மூக்குக்கண்ணாடி பிரேமுக்குப் பொருந்தும்படி மெஷினில் தேய்ப்பது அவள் வேலை. மதியச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, தூள் படிந்த அதே மேஜையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்வாள்.

எழுதியதை முதலில் படிப்பவள் நாத்தனார். துணிக்கடையில் வேலை; இவளோடு ஒரே வீட்டில் இருந்தாள். பாராட்டு என்பது அவள் வாயில் வராது. "அண்ணி, அங்க காத்தே இல்லேன்னீங்க. அப்புறம் கொடி எப்படிப் படபடன்னு அடிக்குது?" என்று ஒரே கேள்வியில் ஓர் அத்தியாயத்தையே குப்பைக்கு அனுப்பியிருக்கிறாள். செவ்வாய் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவாள். இல்லாத ஊரைப் பற்றி எழுதுகிறவள் சின்னப் பொய்யில் மாட்டிக்கொண்டால் பெரிய பொய்யை எவன் நம்புவான் என்பது அவள் கட்சி.

அப்படி இருவரும் மல்லுக்கட்டி உருவானதுதான் அந்தத் தொடர்கதை. தூரத்துக் கிரகம் ஒன்றில் மூச்சுக்காற்று தயாரிக்கும் ஆலையை நிறுவ, புருஷனை ஊரில் விட்டுவிட்டுப் போகிறாள் ஒரு பெண். வேலை முடிகிறது. திரும்பி அழைத்துப் போகக் கப்பல் வந்து நிற்கிறது. அவள் ஏறவில்லை. அந்த இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

கடைசி அத்தியாயம் வெளிவந்த காலையில், இதழைப் பிரித்த நாத்தனார் அடுப்படிக்கே ஓடி வந்தாள்.

"அண்ணி! உங்க ஆளு முழிச்சுக்கிட்டா!"

"என்னடி உளர்ற?"

"எல்லாம் கனவாம். புருஷன் தட்டி எழுப்புறான். இவ சிரிச்சுக்கிட்டே டீ போடப் போறா."

செவ்வாய் வாங்கிப் படித்தாள். கடைசிப் பத்தி அவள் எழுதியதல்ல.

நாலைந்து நாள் பொருமிவிட்டு, கடைக்குப் போகாமல் இதழ் அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

"குடும்பத்தை விட்டுட்டு ஒரு பொம்பள அங்கேயே தங்கிட்டான்னா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கம்மா. யார் உயிரையாவது காப்பாத்தத் தங்கினான்னு ஒரு காரணம் வெச்சிருந்தா நான் கை வெச்சிருக்கவே மாட்டேன்."

"பிடிச்சுது, தங்கினா. அதுதான் சார் காரணம்."

"அதெல்லாம் ஒரு காரணமா?"

"ஆளுக்கு எவ்வளவு காத்து வேணும்னு பாத்துப் பாத்து எழுதியிருக்கேன். கனவு காண்றவளுக்கு எதுக்கு சார் காத்துக் கணக்கு?"

அவர் வாசகர் கடிதக் கட்டு ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். எல்லாம் பாராட்டு. கனவு என்று முடித்தது மனசுக்கு இதமாக இருந்ததாம். அதுதான் அவளுக்கு வலித்தது. ஆசிரியரோடு சண்டை போடலாம்; இத்தனை பேரின் நிம்மதியோடு எப்படிப் போடுவது?

கொஞ்ச நாளில் வாசகர் விழா வந்தது. சிறந்த தொடருக்கான கேடயம் அவளுக்கு. மேடையில் ஏற்றிவிட்டால் மனத்தாங்கல் கரைந்துவிடும் என்று ஆசிரியர் நினைத்திருப்பார். அவள் கேடயத்தை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"இந்தக் கதையில வர்றவ தூங்கவே இல்லீங்க. தூங்காதவ எப்படி முழிப்பா? நான் எழுதின முடிவு இதுதான்" என்று சொல்லிப் படிக்கத் தொடங்கினாள்.

பாதியில் மைக் செத்தது. நாளெல்லாம் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டது. சிலர் எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும், "புருஷனை விட்டுட்டு ஓடுறதுதான் விஞ்ஞானமா?" என்று கத்தினார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவன் கூட்டம் என்றாலே ஒளிகிற ஆள். நடு வரிசையிலிருந்து அவன் எழுந்தான். "புருஷன் நான்தாங்க. பத்திரமாத்தான் இருக்கேன். நீங்க உக்காந்து கேளுங்க" என்றான். அரங்கம் சிரித்து ஓய்ந்தது. அவள் ஒரு வரி விடாமல் படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அதோடு அந்த இதழின் கதவு சாத்திக்கொண்டது. பிடிவாதக்காரி என்ற பேச்சு பரவியதில் மற்ற இதழ்களும் கதைகளைத் திருப்பி அனுப்பின. முதலாளிகூட, "கனவுன்னே விட்டிருக்கலாமே, செவ்வாய்?" என்று கேட்டார். அவள் மெஷினைப் போட்டாள். எழுத்தை மட்டும் நிறுத்தவில்லை.

விழாவுக்கு வந்திருந்த ஒரு சின்ன அச்சகக்காரி பிறகு அந்தக் கதையை உண்மையான முடிவோடு புத்தகமாகப் போட்டாள். அமோகமாக விற்றது என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் திரும்பி வந்திருக்கலாமே என்று இன்னும் சிலர் எழுதிக் கேட்கிறார்கள். "வந்திருக்கலாம். வரலை" என்று பதில் போடுகிறாள்.

போன மாதம் பழைய ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. புதுத் தொடர் வேண்டுமாம். ஓர் எழுத்தையும் தொட மாட்டாராம். முடிவை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.

"அது எனக்கே இன்னும் தெரியாது சார். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

பொய்யல்ல, நிஜமாகவே தெரியாது. இப்போது எழுதுவது கடலுக்கடியில் ஒரு நகரம். அங்கே ஒரு தபால்காரர் விசிலடித்துக்கொண்டு போகிறார். அவ்வளவு அழுத்தத்தில் விசில் வருமா என்று நாத்தனார் ஒரு வாரமாக உயிரை வாங்குகிறாள்.