செவ்வாய்க்கிழமைக் கசற்

1994 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து, தேத்தண்ணி குடித்து, ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் பஸ் ஏறினேன். ஏழு மணி வேலைக்குப் பத்து நிமிடம் முந்தியே போய்ச் சேர்ந்தேன். தொழிற்சாலையில் நாங்கள் பிஸ்கற் அடுக்கும் லைனில் ஒரு கசற் பெட்டி இருக்கிறது. திங்கள் கிரேக்க நாட்டுக்காரரின் பாட்டு, செவ்வாய் ஜமேய்க்காக்காரி பெவர்லியுடையது, புதன் எனக்கும் லைனில் நிற்கும் மற்றத் தமிழ்ப் பொடியன் நவத்துக்கும். சண்டை வராமல் நாட்களைப் பிரித்தவன் நான்தான். கோயில் திருவிழாவை உபயகாரருக்குப் பிரித்துக் கொடுத்து வளர்ந்த ஊர்க்காரனுக்கு அது பெரிய வேலையல்ல.

பெவர்லிக்கு ஒரே பாடகன்தான். அவனுடைய ஏற்ற இறக்கத்தை நான் கசற் கசற்றாக அறிந்தேன். முதலில் பெண்களைப் புகழ்ந்து கரகரத்த குரலில் பாடிய பொடியன். கிங்ஸ்டனில் பெயரெடுத்து நியூயோர்க்வரை போனான். பிறகு, ஆணை விரும்பும் ஆண்களைக் கொல்லச் சொல்லும் பாட்டு வந்தது. ரொறன்ரோவில் மண்டபத்துக்கு வெளியே ஆட்கள் பதாகை பிடித்தார்கள், கச்சேரி நின்றது. இந்த வருடம் சடை வளர்த்துக் கடவுளைப் பாடுகிறான். பழைய பாட்டை மட்டும் கைவிடவில்லை.

அன்று பெவர்லி அந்தப் பாட்டையும் போட்டாள். எனக்குப் பக்கத்தில் நிற்பவன் கீத். நான் வந்த புதிதில் லைன் வேலையைப் பழக்கியவன். தன் ஆண் துணையோடு வாழ்பவன். கையிலிருந்த பிஸ்கற் பெட்டியை வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"முறை போட்டது நீ. இனியும் இது பாடினால் நான் வெயர்ஹவுஸுக்கு மாறிப் போகிறேன்."

நவம் என் காதுக்குள் தமிழில் சொல்லிச் சிரித்தான். "அண்ணை, உவருக்கு ஏன் இவ்வளவு கோவம்? பாட்டைக் கேட்டு ஆர் செத்தது?"

ஊரில் இயக்கக்காரர் வான் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, துரோகிகளை விடாதே என்ற பாட்டைப் போட்டுக்கொண்டு போவார்கள். நல்ல தாளம். நானும் முணுமுணுத்திருக்கிறேன். தபால்கந்தோரில் என் பக்கத்து மேசையில் இருந்தவரை ஒருநாள் துரோகி என்று சந்தி மின்கம்பத்தில் கட்டிச் சுட்டிருந்தார்கள். அந்தப் பாட்டு எங்கள் புதன்கிழமைக் கசற்றில் நாலாவது.

மதியச் சாப்பாட்டில் பெவர்லி, கீத், நவம் மூவரையும் ஒரே மேசையில் இருத்தினேன்.

"அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது" என்றாள் பெவர்லி. "இப்போது ஜெபம் பாடுகிறான். மனுசன் மாறக்கூடாதா?"

"மாறியவன் அந்தப் பாட்டை விட்டிருப்பான்" என்றான் கீத்.

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தாள். பிறகு அவளே ஒரு விதி சொன்னாள். பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கருத்தைச் சொல்ல முடியாத பாட்டை இனி ஒருவரும் போடக்கூடாது. கீத் தலையாட்டினான். அவன் லைனிலேயே நிற்பான்.

பெவர்லி என் பக்கம் திரும்பினாள். "உன்னுடைய புதன்கிழமைப் பாட்டு என்ன சொல்கிறது?"

"எங்கள் நிலத்தைப் பற்றி" என்றேன்.

"விவசாயமா! என் அப்பாவும் வாழை நட்டவர்தான்." அவளும் கீத்தும் சிரித்தார்கள். நான் திருத்தவில்லை.

புதன் காலை கசற் பெட்டிக்கு முன்னால் நவம் காத்து நின்றான்.

"கசற் எங்கை அண்ணை?"

"பைக்குள்ள."

"அப்ப போடுங்கோவன். உவைக்கு விளங்கவே போகுது?"

"எனக்கு விளங்கும்."

முதல் வேலையாக அந்தப் பெட்டியிலேயே வானொலியைத் திருகி வானிலை அறிக்கையை வைத்தேன். மாலையில் பனி பெய்யுமாம். கீத் முதல் பிஸ்கற் பெட்டியைத் தள்ளிவிட்டான். நான் அடுக்கத் தொடங்கினேன். பனிச் சப்பாத்துக்குள் என் வலக்கால் நாலாவது பாட்டின் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.