அண்ணையும் வயிறு ஊதிய ரவைக் கோதுகளும்

எங்கள் அண்ணை சாவகச்சேரியில் பிறந்து ஹவுன்ஸ்லோவில் கண்மூடினார். எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்தவர், அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு விமான நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தொழிற்சாலையொன்றில் சேர்ந்தார். அக்காமாரின் கலியாணம், வீட்டுக் கடன், எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்திறங்கிய நான் என்று ஒருவர் பின் ஒருவராக அவர் தோளில் ஏறினோம். இறங்குங்கோ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அப்படிச் சொல்ல வராது.

உறவினர் பலர் அறியாத ஒன்று உண்டு. அண்ணை ஞாயிறுகளில் பிஸ்டல் சுடும் கிளப் ஒன்றுக்குப் போய்வந்தார். கூட வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர்தான் அழைத்துப் போனவர். லைசென்ஸ், பொலிஸ் வந்து பார்த்துப்போன இரும்புப் பெட்டி எல்லாம் சட்டப்படி இருந்தன. ஆனால் ஒரு யாழ்ப்பாணத்தான் வீட்டில் துவக்கு என்றால் கதை எங்கெங்கோ போகும் என்று, அண்ணியையும் என்னையும் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கோ அடியோடு பிடிக்கவில்லை.

"அதுக்குப் பயந்துதானே அண்ணை இஞ்சை ஓடி வந்தனான்" என்றேன்.

"இது கடதாசியைத்தான் சுடும். அங்கை நிக்கிற நேரம் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கமாட்டினம். அதுக்குத்தான் போறன்."



பிஸ்டலுக்குப் புது ரவைகள் வாங்கிக் காசு செலவழிக்க அவருக்கு மனம் வராது. சுட்டு விழுந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, மாடியிலிருந்த சின்னச் சாமான் அறையில், கையால் அழுத்தும் ஒரு மெசினில் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தும் ஈயக்குண்டும் வைத்து நிரப்புவார். சில பிஸ்டல்களில் சுட்டால் கோதின் அடிப்பக்கம் வயிறு ஊதிவிடும். திரும்ப நிரப்புகிற மற்றவர்கள் அவற்றை ஆபத்து என்று நிலத்திலேயே விட்டுப் போவார்கள். அண்ணை அவற்றையும் விடமாட்டார். நல்ல பித்தளையை எறிய அவரால் ஏலாது.

கோதுகளைக் கழுவத்தான் அவர் எங்கள் ஊர் வழியில் போனார். குத்துவிளக்கை மினுக்குவதுபோல உப்பும் பழப்புளியும் கரைத்து, அண்ணியின் சட்டியிலேயே ஊறவைத்தார்.

"குழம்புக்குப் புளி இல்லை, துவக்குக்கு இருக்கு" என்று அண்ணி முறைப்பா.

ஒருமுறை வெள்ளிக்கிழமை ஊறப்போட்டவர் ஓவர்டைமுக்குப் போய்விட்டு, ஞாயிறுதான் எடுத்தார். கோதுகள் இளஞ்சிவப்பாக மின்னின. அழகாயிருக்கிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். புளி பித்தளையை அரித்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியாது. முதலே வயிறு ஊதி இளைத்துப்போன கோது ஒன்று, அடுத்த கிழமை கிளப்பில் சுடும்போது அவர் கைக்குள்ளேயே வெடித்தது.

உள்ளங்கை கிழிந்து பிஸ்டல் பிடியின் மரச் சிம்புகள் ஏறியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போவதாகக் கிளப்பில் சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து, சாமான் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அண்ணி கொண்டுபோன சாப்பாடு வாசலிலேயே ஆறிப்போனது. அடுத்தநாள் காய்ச்சல். கதவுக்கு வெளியே நின்று நான் கெஞ்சினேன்.

"கை எப்பிடி எண்டு கேப்பாங்கள். துவக்கெண்டால் பொலிஸ் வரும், கோது நிரப்பினது பிழையெண்டுவாங்கள். வந்தால் வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு பாப்பாங்கள். உன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. திருப்பி அனுப்பிப்போடுவாங்களடா."

அன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்புவது எதற்குச் சமம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று கையை அழுகவிட்டுக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்று அழுதேன். பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்கள் வெளியிலை வராட்டி நானே பொலிஸுக்கு ஃபோன் எடுப்பன். அப்ப உங்கட கையும் போகும், என்ர கேஸும் போகும்."

கதவு திறந்தது. வீங்கிய கையை அண்ணி துவாயால் சுற்றிவிட்டா. டாக்சியில் அவர் என்னிடம் பேசியது ஒன்றுதான். "வேலையிலை மெசினுக்குள்ளை போனதெண்டு சொல்லு." அப்படியே சொன்னேன். டொக்டர் கருகிய தோலைப் பார்த்தார், அண்ணையின் முகத்தைப் பார்த்தார், மேலே ஒன்றும் கேட்கவில்லை. அண்ணையின் விரல்களைப் பற்றி நீங்கள் எல்லோரும் கேட்டறிந்த மெசின் கதை அங்கே பிறந்தது. கை பிழைத்தது. இரண்டு விரல்கள் மட்டும் பிறகு நிமிரவில்லை.

கோதுகளைத் திரும்ப நிரப்புவது குற்றமே அல்ல என்று பின்னாளில் அறிந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கேஸும் நல்லபடியாக முடிந்தது. "இனிச் சொல்லலாம்தானே" என்று கேட்டபோது, "ஆருக்குச் சொல்லப்போறாய்? பேசாமல் இரு" என்றார். கைத்துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி சட்டம் வந்ததும் ஒப்படைத்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார். அன்று முதல் ஞாயிறுகளிலும் ஷிப்ட் செய்யத் தொடங்கினார்.

அண்ணையின் நோய்க்காலத்தில் முறை வைத்துச் சமைத்துத் தந்த அயலவர்க்கும், கிரியைகளில் தோள்கொடுத்த அவருடைய வேலைத் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வார்டில் அவரைக் கவனித்த தாதி ஒருவருக்கும் தனியாக நன்றி சொல்லவேண்டும். கடைசிக் கிழமையில் அந்தப் பிள்ளை அவர் கையைத் துடைத்துவிட்டு, இந்த விரல்களுக்கு என்ன நடந்தது என்று அன்பாகத்தான் கேட்டாள். அண்ணை கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன்ர கேஸ் முடிஞ்சுதுதானே?"

"ஓம் அண்ணை, அது எப்பவோ முடிஞ்சுது."

தலையாட்டினார். பிறகு அந்தக் கையை மெல்ல இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

இனி அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.