லத்தீனோ படிப்பும் வெள்ளிக்கிழமை ஃபாரமும்

லத்தீனோ ஸ்டடீஸ் படிக்கிறதுல பாதி படிப்பு, மீதி 'அப்படின்னா என்ன?'ங்கிற கேள்விக்குப் பதில் சொல்லுறது. யாருக்கும் புரியாத படிப்பைப் படிச்சுட்டு லீவுக்கு ஊருக்கு வந்த அத்தனை பேருக்கும் இது தெரியும்.

மெக்சிகோ, கியூபா பக்கமிருந்து போயி அமெரிக்காவுல குடியிருக்கிற ஜனங்களோட வாழ்க்கை, பேச்சு, வேலை, வரலாறு. அதான் படிப்பு. அமெரிக்காவுலயே போயிப் படிச்சு எனக்கு ரெண்டு வருசம் முடிஞ்சாச்சு. மெயின் பாடம் எதுன்னு யுனிவர்சிட்டிக்கு ஃபாரம் அனுப்பணும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, கடைசி நாள்! அப்பா எகனாமிக்ஸ்தான்னு நிக்காவ. அவிய சரின்னு சொல்லாம அனுப்ப மாட்டேன்னு வேற வாக்கு குடுத்துத் தொலைச்சுட்டேன். இப்ப, கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸ்ல காட்டி வெளிய எடுத்துக் குடுக்கிற அவிய கிளியரிங் ஆபீஸ்ல பில் டைப் அடிக்கிற நடுவுல இதை அடிக்கேன்.

சர்ச் வாசல்ல

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா நாசரேத்து மாமா பிடிச்சுக்கிட்டாவ. ரிட்டயர்டு சயின்ஸ் வாத்தியார். வெயில்ல நின்னு மூச்சு விடாம விளக்குனேன். பண்ணை வேலைக்குப் போனவங்க, அங்கயே பொறந்த பிள்ளைங்க, ரெண்டு பாஷையில சண்டை போடுற வீடுங்க... எனக்கே புல்லரிச்சுது. மாமா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டுச் சொன்னாவ: "எல்லாம் சரிதாம்ளா. அங்கன எவனாவது நம்ம நாசரேத்து ஊரைப் பத்திப் படிக்கானா? மொதல்ல அதை விசாரிச்சுட்டு வா."

பயோடேட்டா

செவ்வாய்க்கிழமை சாத்தான்குளம் அத்தை வந்தாவ, கையில என் கல்யாண பயோடேட்டா. எனக்கு இருபதுதான் ஆவுதுன்னு கத்துனது காதுலயே விழல. 'படிப்பு'ங்கிற இடம் மட்டும் காலி. நான் சொல்லச் சொல்ல மூணு தடவை எழுதி, மூணு தடவை அடிச்சாவ. பெறவு பேனாவ ஒரு உதறு உதறிட்டு, "எகனாமிக்ஸ்னு போட்டுருதேன். கல்யாணம் முடிஞ்சப்பெறவு நீ எதை வேணும்னாலும் படி, எவன் கேக்கப் போறான்?"

லூசியா வீட்டுல

புலம்புறதுக்கு லூசியாவுக்கு வீடியோ கால் போட்டேன். கூடப் படிக்கிற பிள்ளை, வீடு டெக்சாஸ், அம்மா மெக்சிகோவுலருந்து வந்தவங்க. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த அம்மா யாருன்னு கேட்டாங்க. நான் யாரு, என்ன படிக்கேன்னு மகள் சொன்னா. அவங்க கையத் தொடைச்சுட்டு போனுக்குள்ள எட்டிப் பாத்து ஸ்பானிஷ்ல பொரிஞ்சு தள்ளுனாங்க. ரெண்டு வருசம் படிச்ச எனக்குப் பாதிதான் பிடிபட்டுது. லூசியா சிரிச்சு முடிச்சு மொழிபெயர்த்தா. நம்ம பேச்சுல சொன்னா இதுதான்: "எங்களப் பத்தித் தெரிஞ்சுக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தே? ஒரு போன் போட்டா நானே சொல்லியிருப்பேன்லா!"

மற்றவை

இருங்க, அப்பா கூப்பிடுதாவ.

வந்துட்டேன்.

உள்ள போனப்ப அப்பா போன்ல யாரையோ ஏசிக்கிட்டு இருந்தாவ. கஸ்டம்ஸ்ல ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைப்பு உண்டு. எதுலயும் அடங்காததை 'அதர்ஸ்'னு போட்டா ஆபீசருக்குச் சந்தேகம் வந்துரும், பெட்டியத் திறந்து காட்டச் சொல்லுவாவ. எவனோ அப்படிப் போட்டுட்டான். போனை வச்சுட்டு, "உன் ஃபாரம் என்னாச்சு?"ன்னாவ.

எனக்கு என்ன தோணுச்சோ, படபடன்னு சொன்னேன். "அப்பா, அமெரிக்காவுல மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும்போது 'நீ எந்த இனம்?'னு கட்டம் போட்டுக் கேப்பாவ. வெள்ளை, கருப்பு, இன்னும் கொஞ்சம். லூசியா அம்மா எதுலயும் அடங்கல. போன தடவை 'மற்றவை'ல, அதான் உங்க 'அதர்ஸ்'ல, டிக் அடிச்சாங்களாம். அவங்களை மாதிரி ஏகப்பட்ட பேரு. நான் படிக்கது அதைத்தாம்ப்பா."

அப்பா கண்ணாடியக் கழத்துனாவ. "ஆளுங்களையா அதர்ஸ்ல போடுதானுவ?"

"ஆமா."

அப்பா கண்ணாடியத் தொடைச்சு மறுபடி மாட்டுனாவ.

"அதர்ஸ்னா திறந்துதான பாக்கணும். சரி, அனுப்பித் தொலை. அனுப்பிட்டு அந்த பில்லை முடிளா, லாரிக்காரன் காத்துக் கெடக்கான்."

ஆக, ஒரு வாரமா ஊருக்கே விளக்கியும் ஏறாத என் படிப்பு அப்பாவுக்கு ரெண்டு நிமிசத்துல புரிஞ்சுபோச்சு, இனிமே எனக்குத்தான் புரியணும்.