எட்டுப் பட்டன் பெட்டியும் விலை குறைந்த மைக்கும்

மைக் விற்கும் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குரல் வாங்கத்தான் வருகிறார்கள். தென்காசி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடையில் ஆறு வருசமாக இதையே பார்க்கிறேன். புதிதாகப் பாட்டுப் போட ஆசைப்படுகிறவர்களுக்குக் கைக்கு அடக்கமான விலையில் மைக்கும் சாம்ப்ளரும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. சாம்ப்ளர் என்றால் பட்டன் வைத்த சின்னப் பெட்டி. எந்தச் சத்தத்தையும் பிடித்து ஒரு பட்டனில் போட்டுவிட்டால், அமுக்கும்போதெல்லாம் அது கேட்கும். வீடியோ பார்த்து முதல் மைக்கைத் தப்பாக வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். என் அலமாரியிலும் ஒன்று இருக்கிறது.

அருவிக்கரை வீடு

சேகருக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை. வீடு மெயினருவிக்குக் கூப்பிடு தூரம். சொந்தமாக எழுதிய பாட்டைப் பதிய வேண்டும் என்று சாரலில் நனைந்துகொண்டே வந்து, கண்டென்சர் மைக்தான் வேண்டும் என்றான். அது எறும்பு ஊர்வதைக்கூடக் கேட்கும், அருவிப் பக்கத்து வீட்டுக்கு ஆகாது என்றேன். டைனமிக் மைக்கை எடுத்துக்கொள், பாதி விலைதான், வாய்க்குக் கிட்டே இருப்பதை மட்டும்தான் கேட்கும் என்றும் சொன்னேன். விலை குறைந்ததைக் காட்டினாலே நம் ஆட்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். கண்டென்சரைத்தான் கொண்டுபோனான்.

பத்து நாளில் பாட்டோடு வந்தான். பாட்டு முழுக்க அருவி விழுந்தது. நடுவில் ஒரு குரங்கு வேறு. டைனமிக் மைக்கை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஜெயித்த பெருமை எனக்கு. ஒரே வாரத்தில் அதையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான்.

"எக்கா, இதுல நான் பாடுதது அப்படியே கேக்கு. பழசையே குடுத்துருங்க, அருவி கேட்டாலும் பரவால்ல."

மயிலுக்கு ஒரு பட்டன்

திருவேங்கடம் பக்கம் மக்காச்சோளம் விதைத்திருந்த ஒரு அண்ணாச்சி, இருப்பதிலேயே விலை குறைந்த சாம்ப்ளர் எது என்று கேட்டார். என்ன மாதிரிப் பாட்டு என்றேன். பாட்டெல்லாம் இல்லை, மயில் விதையைக் கிண்டித் தின்கிறது என்றார். போனில் சத்தம் போட்டால் ஆகாதா என்றதற்கு, ஒரே சத்தம் என்றால் மயில் இரண்டு நாளில் பழகிக்கொள்ளுமாம், மாற்றி மாற்றி அமுக்க வேண்டுமாம். நாய்க் குரைப்பு, வெடி, தட்டு அடிப்பது, மேளம் என்று ஏற்றி, ஒரு பேட்டரி ஸ்பீக்கரோடு கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். குரைப்பு நன்றாக வேலை செய்ததாம், மயில் தலைகாட்டவில்லையாம். ஆனால் ஊரில் உள்ள நாய்களெல்லாம் காட்டுக்குள் புதிதாக ஒருத்தன் வந்திருக்கிறான் என்று தேடி வந்து, அங்கேயே தங்கி, பாத்தியைத் தோண்டிப் படுத்திருக்கின்றன.

"தாயி, மயிலு போயிட்டு. நாய் போறதுக்கு என்ன சத்தம் போடணும்?"

ஏட்டையாவின் தாலாட்டு

ஒரு நாள் ஏட்டையா ஒருவர் யூனிபார்மோடு உள்ளே வந்தார். ஸ்பீக்கர் சத்தம் பற்றி யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள் என்று பயந்து, எங்கள் முதலாளி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். ஏட்டையா இருட்டில் நின்றபடி, சென்னையில் இருக்கும் பேத்திக்குத் தாலாட்டுப் பாடி அனுப்ப ஒரு மைக் வேண்டும் என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. கரண்டைப் போட்டு மைக்கை நீட்டினேன். முதல் வரியிலேயே சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் சிவப்பைத் தொட்டது. தள்ளி நிற்கச் சொன்னேன். வாசல்வரை தள்ளிப்போயும் சிவப்பு இறங்கவில்லை. தாலாட்டுதானே, கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள் என்று கெஞ்சினேன்.

"முப்பது வருசமா மெதுவாச் சொல்லி எந்த வண்டிம்மா நின்னுருக்கு?"

டீச்சரின் குரல்

வீரகேரளம்புதூரில் டியூஷன் எடுக்கிறவர். தொண்டையில் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன். ஒரு மாதம் வாய் திறக்கக் கூடாது, அதன் பிறகும் பழைய குரல் வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். இதைக் கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார். வீட்டில் இரண்டு பையன்கள், சாயந்தரம் இருபது பிள்ளைகள். எழுதிக் காட்டினால் ஒருத்தனும் படிக்க மாட்டான், எட்டுப் பட்டன் பெட்டி போதும் என்றார்.

கடையிலேயே பதிந்தோம். 'ஏலே எந்திரி', 'போனைக் கீழ வை', 'சத்தம் போடாத', 'தப்பு, திரும்பப் போடு', 'சாப்பிட வா', 'வேண்டாம்', 'சரி'. எட்டாவதுக்கு மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு பையன்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சும்மா, வேலை ஒன்றும் ஏவாமல். நான் ஹெட்போன் வயரைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். குரல் வந்திருந்தது, கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். எனக்கு இருந்த சந்தோஷத்தில், இனிப் பெட்டி எதற்கு, பாதி விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாயால கூப்பிட்டா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டேங்கான். பட்டனை அமுக்குனா ஓடி வாரானுவ. இதை எப்படிம்மா தருவேன்?"

நான் விற்ற பெட்டிகளில் பாட்டுக்குப் பயன்பட்டது எத்தனை என்று எனக்கே தெரியாது என்றாலும், புதிதாக ஒருவர் படியேறினால் 'என்ன மாதிரிப் பாட்டு?' என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.